ஆள் வந்தால் ஓடும் மோட்டார்

பெயின்டருக்கு அந்த ஏர் கம்ப்ரசர்மீது இருந்த வருத்தம், அது ஓடவில்லை என்பதல்ல. அடுத்தவர் முன்னால் மட்டும் ஓடுகிறதே என்பதுதான்.

பல வருஷம் இன்னொருவர் பட்டறையில் கார்களுக்கு வண்ணம் அடித்த மனிதர் அவர். "இனி சொந்தமாத்தான்" என்று வீட்டில் அறிவித்துவிட்டு, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இந்தப் பழைய கம்ப்ரசரையும் வாங்கி நடுவில் நிறுத்தினார். கொண்டுவந்த அன்று அது சமர்த்தாக ஓடி, வண்ணம் பீய்ச்சத் தேவையான காற்றை டேங்கில் நிரப்பியது. முதல் வேலையாக ஒரு பேக்கரி வேனும் வந்தது. நசுங்கிய கதவை நிமிர்த்தி, பட்டி போட்டுத் தேய்த்தாயிற்று. மறுநாள் காலை வண்ணத்தைக் கலக்கும் முன் சுவிட்சைப் போட்டார்.

'ம்ம்ம்' என்றது மோட்டார். சம்மதமா முனகலா என்று புரியவில்லை. சக்கரம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் 'டப்'பென்று விழுந்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடைக்காரரை வரச் சொன்னார். அவர் வந்து ஒரு விரலால் சுவிட்சைத் தட்டினார். ஜம்மென்று ஓடியது.

"ஓடுதே தம்பி."

"இப்ப ஓடுதுண்ணே. காலையில ஓடலை."

"காலையில ஓடாததை நான் சாயந்திரம் எப்படிப்பா ரிப்பேர் பண்றது?"

ஆனாலும் மனசாட்சிக்காக கண்டென்சரை மாற்றினார், வோல்டேஜ் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மறுநாள் காலை மறுபடி 'ம்ம்ம்'. மறுபடி கடைக்காரர் வந்தார். மறுபடி ஓடியது.

"அது ஆளைப் பாத்து மரியாதை குடுக்குது. உனக்குத்தான் இன்னும் பழகலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில், மனைவி துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

இப்படிக் கேட்பவர்கள் கோபம் வரும்படியாகத்தான் ஏதாவது கேட்பார்கள் என்பது தெரிந்தும் அவர் தலையாட்டினார்.

"பழைய முதலாளிகிட்டயே திரும்பப் போகணும்னு தோணுச்சுன்னா நேராச் சொல்லிடுங்க. அந்த வாயில்லாத மோட்டார் மேல எதுக்குப் பழி போடுறீங்க?"

"நான் பொய் சொல்றேங்கிறியா?"

"கடைக்காரர் வந்தா ஓடுதாம், நீங்க போட்டா ஓடலையாம். நான் என்னன்னு நினைக்கிறது?"

பெயின்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம், அதுவும் தன்மேலேயே. பேக்கரிக்காரர் போன் செய்யும்போதெல்லாம் எடுக்கத் தயங்குவது உண்மை. மோட்டார் முனகும்போது மனதின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்ப்பதும் உண்மை. அதற்காக, பயந்தவன் தொட்டால் மின்சாரம் பாயாதா என்ன? மறுநாள் காலை சுவிட்சை இடது கையால் போட்டுப் பார்த்தார். 'ம்ம்ம்.'

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டீங்க" என்று அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள்.

"பாரு! நல்லாப் பாரு! ஓடலை!" பெயின்டர் ஆடாத குறை.

"ஓடலைன்னா எதுக்குங்க இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றவள், முனகலைக் குனிந்து கேட்டாள். பிரேக்கர் விழுந்தது. அவள் முகம் மாறியது. "இருங்க, அந்த அண்ணனுக்குப் போன் போடுறேன். அப்படியே இருக்கட்டும், எதையும் தொடாதீங்க."

அவள் எண்ணைத் தேடுவதற்குள் பெயின்டர் துணியோடு குனிந்து, டேங்கின் அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டிருந்தார். காற்றும் துருத்தண்ணீரும் சீறின.

"தொடாதீங்கன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"ஆள் வர்றப்ப அழுக்குத் தண்ணியோடயா வச்சிருக்கிறது? எப்பவும் அவர் வர்றதுக்கு முன்னாடி இதைத் திறந்து, துடைச்சு..."

பெயின்டர் பாதியில் நிறுத்தினார். பழைய பட்டறையில் படிந்த பழக்கம் அது. தன் டேங்கின் துருத்தண்ணீரை இன்னொரு தொழில்காரர் பார்ப்பது, உள்ளாடையோடு வாசல் கதவைத் திறப்பதற்குச் சமம். காற்று முழுக்க இறங்கும்வரை காத்திருந்து, பிரேக்கரைத் தூக்கி, சுவிட்சைப் போட்டார். ஓடியது. டேங்க் நிரம்பித் தானாக நின்றது. நின்றதும் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம் வர வேண்டும்; வரவில்லை.

பிஸ்டன் மேல் சிக்கிய காற்றை வெளியே விடும் குட்டி வால்வு இறுகிப்போயிருந்தது. அந்தக் காற்றையும் எதிர்த்துத் தள்ள முடியாமல்தான் மோட்டார் முனகியிருக்கிறது. விருந்தாளிக்காக அவர் டேங்கைக் காலி செய்த நாட்களில் சிக்கிய காற்றும் கூடவே இறங்கிவிட, பாரம் இல்லாமல் ஓடியிருக்கிறது. வால்வைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டினார். அடுத்த முறை நின்றபோது 'புஸ்' வந்தது.

"அப்ப நீங்க பொய் சொல்லலை" என்றாள் மனைவி.

"இல்லை."

"பயம்?"

பெயின்டர் ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"அது இருக்கு."

"இருக்கட்டும்" என்று ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேன் கதவுக்குப் பெயின்ட் அடிங்க. முடியுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

அவர் வண்ணத்தைக் கலக்கத் தொடங்கினார்.