இரண்டு விலை சொன்ன ஸ்டெல்லாக்கா

ஸ்டெல்லாக்கா காலமான செய்தி வந்தபோது நான் ஒரு தேக்கு அலமாரியை ஏலம் கூவிக்கொண்டிருந்தேன். ஒரு தரம் ஆயிற்று, இரண்டு தரமும் ஆயிற்று. அப்போது என் மனைவி மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. ஏல நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் காரியம் இருக்கும். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்கங்க. ஒரு கஷ்டமும் படலையாம்" என்றாள். மூன்றாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அலமாரியை யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கோனின் கியாக்டடா பேட்டையில் இருக்கும் எங்கள் பழைய சாமான் ஏலக்கடையில் பொருள்களுக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்தவர் ஸ்டெல்லாக்கா. பர்மியர்கள் மரியாதையாக அவரை டோ ஸ்டெல்லா என்பார்கள். மிஷன் பள்ளியில் படித்தவர். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் குமாஸ்தா. மற்ற பெண்பிள்ளைகள் பாண்டி ஆடிய வயதில் அக்கா கடைக் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டு, எந்தத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டு நச்சரித்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வந்த மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் மதிப்புப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் தேறல" என்பார்.

எந்தப் பொருள் வந்தாலும் அவர் இரண்டு விலை சொல்வார். விற்றால் என்ன வரும் என்பது ஒன்று. வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஒருமுறை கணவனை இழந்த ஒரு பெண் தையல் மெஷினைக் கொண்டுவந்தார். "வித்தா ஒரு மாசத்துக்குத் தாங்கும்மா. வச்சிருந்தா மாசா மாசம் சோறு போடும்" என்று சொல்லி அக்கா அதை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கமிஷன் போன கடுப்பில் முதலாளி என் மேல் எரிந்து விழுந்தார். நான் அக்காவிடம் போய், "நாம நடத்துறது ஏலக்கடையாக்கா, தர்மசத்திரமா?" என்றேன். "ரெண்டுக்கும் வாடகை ஒண்ணுதான் தம்பி, போய்க் கூவு" என்றார்.

அவருடைய இரண்டு விலையின் அருமை என் வீட்டுக்குள் அது வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு பக்கத்துப் பேட்டையான பபேடானில், மூன்றாம் மாடியில். சாமி படங்களுக்குப் பக்கத்தில், முனீஸ்வரன் முன்னால், மஞ்சள் துணி சுற்றிய ஒரு நீளமான கட்டு சாத்தியிருக்கும். அப்பா வைத்தது. அவர் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் பங்களாவில் காவல்காரராக இருந்தவர். துரை ஊரைவிட்டுப் போனபோது அப்பா அந்தக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே என்ன என்று அவர் சொல்லவில்லை. அவரிடம் கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை. அது முனீஸ்வரனின் தண்டம் என்று நாங்களே முடிவு கட்டினோம். ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் மஞ்சள்நீர் தெளித்து, பழைய துணியை அவிழ்க்காமல் அதன்மேலேயே புதுத்துணி சுற்றுவோம். பிறகு வீட்டு ஆண்பிள்ளை அதைத் தோளில் ஏற்றி, தெருவாசல் வரை இறங்கி, மறுபடி மேலே கொண்டுவந்து வைக்கவேண்டும். முதலில் நான் சுமந்தேன். அப்புறம் என் மகன் தினேஷ் சுமந்தான். தெருவே பார்த்துக் கும்பிட்டது.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழையில் எலி அந்தத் துணியைக் கடித்துவிட்டது. மல்லிகா பெருக்கப் போனவள் அப்படியே நின்றாள். "என்னங்க, தண்டத்துக்கு ஓட்டை இருக்கு" என்றாள்.

அவிழ்த்துப் பார்த்தோம். துப்பாக்கி. அதுவும் அப்படித் தடித்த குழலை நான் கண்டதே இல்லை. ராணுவ ஆட்சி நடக்கும் இன்றைய யாங்கோனில் எந்த நேரமும் வீட்டுச் சோதனை வரலாம். வயசுப் பையன் இருக்கும் வீட்டில் இப்படி ஒன்று அகப்பட்டால், முனீஸ்வரன் கதையை யார் நின்று கேட்பார்கள்? தினேஷ் ஊரின் மேற்கோரத்தில் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஆலை பஸ் கொஞ்சம் தாமதமானாலே நான் ஜன்னலில் நிற்கிறவன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்; எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். மல்லிகாவின் தம்பி குமாருக்கோ கண் மின்னியது. "மச்சான், இது பெரிய சாமான். வாங்குறதுக்கு எனக்கு ஒரு ஆள் தெரியும்" என்றான்.

ஸ்டெல்லாக்கா ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, பைபிள் பையும் குடையுமாக அப்படியே வந்தார். லபெயே ஊற்றிக் கொடுத்தோம். அந்தப் பால் டீயைத் தொடாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குழலின் வாயில் பென்சிலை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சாமி மேடையிலிருந்து ஓர் ஊதுவத்திக் குச்சியை எடுத்து விட்டார். அது போயிற்று.

"பயப்படாத தம்பி. இது சண்டைத் துப்பாக்கி இல்ல" என்றார். "குழல்தான் தடி, ஓட்டை எவ்வளவு சின்னது பாரு. சண்டைக்குன்னா தூக்கிட்டு ஓடணும், இவ்வளவு கனமா செய்யமாட்டான். இது ஒரே எடத்துல படுத்துக்கிட்டு, தூரத்துல நிக்கிற நரி, முயல், பெருச்சாளின்னு பயிரத் திங்கிற சின்ன உருப்படிய அடிக்கிறது. தடிச்ச குழல் சீக்கிரம் சூடாகாது, ஆடாது, அதான். குறி பாக்கிற முள்ளு குழல்மேல இல்ல. மேல திருகாணி ஓட்டை இருக்குதுல்ல? தூரக்கண்ணாடி மாட்ட. அமெரிக்கச் சரக்கு. துரை பொழுதுபோக்குக்கு வச்சிருந்திருப்பாரு."

பெருச்சாளி சுடச் செய்த துப்பாக்கியை எலியே காட்டிக்கொடுத்திருக்கிறது! எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

பின்பக்கத்தில் விரலை விட்டுக் காட்டினார். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமே அதில் இல்லை. "துரை வெவரமானவரு. பூட்ட உருவி எடுத்துக்கிட்டு ஒடம்ப மட்டும் உங்கப்பாகிட்ட விட்டிருக்காரு. இதால ஒரு கொசுவக்கூட சுட முடியாது."

எனக்கு உயிர் வந்தது. குமாருக்கு அது போதவில்லை. "வெல சொல்லுங்க ஆன்ட்டி" என்றான்.

"வித்தா வர்ற வெல கேளு. வெளிநாட்டுல இத ஆசையா சேக்கிறவன் இருக்கான். பூட்டு இருந்து, குழல் சுத்தமா இருந்தா நல்ல பணம் குடுப்பான். நீங்க வருஷா வருஷம் மஞ்சத்தண்ணி ஊத்தி உள்ள எல்லாம் துரு. இப்ப இது பழைய இரும்பு. உன் ஆளு எதுக்கு வாங்குறான்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியவேண்டாம்." பிறகு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த தினேஷின் பக்கம் கையைக் காட்டினார். "வச்சிருந்தா ஆகுற வெல அதோ படுத்திருக்கு."

குமார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

தடை சொன்னவள் மல்லிகா. "சாமி பொருள்க்கா. வெளியே அனுப்பினா குடும்பத்துக்கு ஆகுமா?" அக்கா கேலி செய்யவில்லை. தம் சாமி வேறு என்றும் சொல்லவில்லை. "வெளியே அனுப்பலம்மா. வேற சட்ட போட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி மல்லிகாவின் அடுப்புக்குக் கொடுத்தார். மறுநாள் பட்டப்பகலில், ஏலத்தில் போகாத பித்தளைத் திரைக்கம்பிகளின் நடுவே குழலை வைத்துக் கட்டி, சைக்கா என்கிற சைக்கிள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் நடந்தேன். வழியில் சோதனைக்கு நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய்ப் பையன் கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவினான். அக்கா பர்மிய மொழியில், "உன் வீட்டு ஜன்னல் என்ன அகலம் தம்பி? சரியா இருந்தா எடுத்துக்கோ, இத யாரும் ஏலம் கேக்கல" என்றார். அவன் சிரித்துவிட்டுக் கம்பியைத் திரும்பச் சொருகினான். இரும்புப் பட்டறையில் குழலை அறுத்துத் துண்டாக்கும்வரை அக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை முனீஸ்வரனுக்கு ஒரு சூலம் வந்தது. அடியில் வைத்திருந்த தடித்த குழல் துண்டின் கனத்தில் அது ஆடாமல் நேராக நின்றது. அதற்கடுத்த மாதம் எங்கள் மாடிக்குச் சோதனை வந்தது. சாமி மேடையைப் பார்த்தார்கள், சூலத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அன்றைக்குத் தூங்கினேனே ஒரு தூக்கம், அப்படி நான் தூங்கி வருஷக்கணக்காகியிருந்தது.

அக்காவை அடக்கம் செய்த அன்று, பெட்டியைத் தூக்க ஆள் கேட்டார்கள். யாரும் சொல்வதற்கு முன் தினேஷ் முன்னால் போய் நின்றான். அத்தனை ஆயுதபூஜைக்கும் அந்தக் கட்டைச் சுமந்த அதே வலது தோளைக் கொடுத்தான். நான் கிட்டப் போய், "கனமா இருக்காப்பா?" என்றேன். தமிழ் அவனுக்கு யோசித்துத்தான் வரும். "இல்லப்பா. தண்டத்தவிட லேசு" என்றான்.

போய் வாருங்கள் அக்கா. பையன் வீட்டில்தான் இருக்கிறான்.