அஞ்சலை அக்காவின் பதின்மூன்று நாள்: சித்தியவானிலிருந்து ஈப்போவுக்கு

ஈப்போவில் உள்ள ஒரு தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம், வீடியோ கேமுக்கு எழுதிய புரோகிராமை எங்கள் தோட்டத்துக்கு விற்று, வேலைக்கு வந்தவர்களை வராதவர்கள் ஆக்கிவிட்டது. இது ஊகமில்லை. அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தேன். அந்தக் கணினிப் பெட்டி வைத்திருக்கும் மற்றத் தோட்டத்து ஆட்களும் சீக்கிரமே இந்தப் பயணம் போக நேரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் முன்பெல்லாம் கணக்கு எழுதும் கிராணி, வேலைக்கு வந்தவர்களின் பேரைக் கையால் போடுவார். இந்த 1986 தொடக்கத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் கணினி வந்தது. ஆளின் நம்பரையும் பாலின் எடையையும் தட்டினால் போதும், சாயங்காலம் அது அச்சடிக்கும் பட்டியல்தான் வருகைப் பதிவு. போன மாதம் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளை, அதாவது டிவிசனை, ஒன்றாக்கினார்கள். அந்த மாதப் பட்டியலில் என் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பதின்மூன்று நாள் வரவில்லை என்று இருந்தது. அவர் ஒரு நாள்கூட வேலையை விட்டு நிற்கவில்லை. பத்து நாளுக்கு மேல் வராதவர் இந்த மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அக்காவுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மேனேஜரிடம் போனோம். “மெஷின் தப்புன்னா, மெஷின் வித்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா” என்றார்.

இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நான் சித்தியவானில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். முதலாளி ஒரு நாள் லீவு கொடுத்தார். அக்காவுக்கு அதுவும் இல்லை. வேலைக்கு வந்தேன் என்று நிரூபிக்க ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். இந்த அழகை யாரிடம் சொல்லி அழுவது?

காலை 6.15-க்கு லயத்தை விட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்தோம். அங்கிருந்து சித்தியவானுக்கு அறுபது காசு. 7.40-க்கு ஈப்போ பஸ், மூன்று வெள்ளி எண்பது காசு, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். அக்கா கட்டியிருந்த பட்டுச் சேலையைப் பார்த்து கண்டக்டர் விடவில்லை.

“என்னாக்கா, ஈப்போல கல்யாணமா?”

“ஆமாலா. எனக்கும் ஒரு மெஷினுக்கும். சாப்பாடு கிடையாது, டிக்கெட்ட கிழி.”

வலது பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். லகாட் தாண்டும்போது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வரும். தோண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், குழி மட்டும் ஊர்க்காரர்களுக்கு.

9.55-க்கு ஈப்போ. பஸ் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிட நடை. கடைவீட்டின் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. “அப்பாயின்ட்மென்ட் இல்லையா?” என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். சுவரில் ஒரு படம்: மூன்று இன்ஜினியர்கள், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கேம் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கேம் கடைகளுக்கு இயந்திரம் செய்து கொடுத்துத்தான் ஆரம்பித்தார்களாம். லைசென்ஸ் கெடுபிடி வந்ததும் டை கட்டிக்கொண்டு ஆலோசகர் ஆகிவிட்டார்கள். அவர்கள் செய்த முதல் இயந்திரம் மூலையில் நின்றது.

“வேணும்னா விளையாடுங்கக்கா, காசு போட வேணாம்” என்றாள் அந்தப் பெண்.

அக்கா கப்பலை ஓட்டினார். அரை நிமிடத்தில் கப்பல் வெடித்தது. திரையில் அதிகப் புள்ளி எடுத்த பத்துப் பேரின் பெயர் வந்தது.

“எம் பேரு எங்க, தங்கச்சி?”

“டாப் டென்தான்கா காட்டும். கம்மியா எடுத்தா விழுந்துரும்.”

அக்கா திரையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, நம்ம பெட்டியும் எடைய வச்சுத்தானே பேர வரிசையா போடுது? எனக்கு மலைக்காட்டுல கெழட்டு மரம். பாலு கம்மிதானே வரும்?”

ரேடியோவைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் எனக்கு இது தோன்றவில்லை.

11.50-க்கு உள்ளே கூப்பிட்டார்கள். படத்தில் இருந்த மூவரில் ஒருவர்தான். செட்டிநாட்டுக் குடும்பம், மரியாதையான தமிழ். அக்கா அதையே கேட்டதும் ஒரு பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கரெக்டா சொல்லிட்டீங்கம்மா. கேம்ல எழுதினதத்தான் மாத்திப் போட்டோம். பட்டியல்ல நூறு பேருக்குத்தான் இடம். உங்க தோட்டத்துல எத்தனை பேர்?”

“ரெண்டு டிவிசன் சேந்து நூத்திப் பன்னெண்டு” என்றேன்.

“அப்ப தினமும் கடைசிப் பன்னெண்டு பேர் விழுந்திருப்பாங்க. அடுத்த தடவை சரி பண்ணிடலாம்.”

“ஆட்டத்துல தோத்தவன் பேரு போவட்டும் சார்,” என்றார் அக்கா. “நான் என்னா ஆட்டமா ஆடுனேன்?”

சிரிப்பு நின்றது. இப்போது சொன்னதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். “தோட்டத்துக் கம்பெனி எங்க கிளையன்ட், தம்பி. லெட்டர்ஹெட்ல நான் எப்படி அப்படி எழுத முடியும்?” தோட்டத்துக்கு எப்போதாவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மேனேஜர் பங்களா வரைக்கும் வந்தாராம். அங்கிருந்து பால் கொட்டகை நானூறு மீட்டர்.

2.15 பஸ்ஸில் திரும்பினோம்.

நீங்கள் போவதானால்: போகவர ஓர் ஆளுக்கு எட்டு வெள்ளி எண்பது காசு. பஸ் நிலையத்துக்கு எதிரே தோசையும் தேத்தண்ணியும் ஒரு வெள்ளி நாற்பது. முன்கூட்டியே போன் செய்யாதீர்கள், செய்தால் அவர் வெளியூர் போய்விடுவார். தனியாகவும் போகாதீர்கள். பட்டியலில் விழுந்த அத்தனை பேரும் ஒன்றாகப் போங்கள். அதைச் செய்யாமல் இரண்டே பேர் போனது எங்கள் முட்டாள்தனம். முக்கியமாக, உங்கள் தோட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தால் இன்றைக்கே பட்டியலை வாங்கி எண்ணிப் பாருங்கள்.

இதுவரை எழுதியதில் ஒரு பிரதியை அந்த இன்ஜினியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை. கீழே இப்படி எழுதியிருந்தேன்: “சார், பெரிய கடிதம் வேண்டாம். இந்தப் பெண் அந்தப் பதின்மூன்று நாளும் வேலைக்கு வந்தாள் என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.”