பலகைக்குப் பாடிய பாட்டு

மொட்டைமாடியில் தேங்கிய மழைத்தண்ணீரை, வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்கா வைப்பரால் தள்ளிக்கொண்டிருந்தார். சர்ரென்று ஓர் இழுப்பு, சுவரில் டக்கென்று ஒரு தட்டு. என் நாலு வயது மகள் அதற்கேற்ப ஏதோ பாட ஆரம்பித்துவிட்டாள்.

மரக்காணம் உப்பளத்தில் நானும் இப்படித்தான் பாடினேன். சுனாமிக்கு அடுத்த கோடை, எனக்கு ஆறு வயது. நீளக் கம்பு மாட்டிய பலகையால் அப்பா உப்பை இழுத்துவந்து வரப்பில் தட்டுவார். சர்ர், டக். பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைக் கோர்ப்பேன். நண்டு, லாரி, அம்மாவின் அறுந்த செருப்பு எல்லாம் பாட்டில் வரும். அப்பா வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினால், நானும் அந்தச் சொல்லை இரண்டு முறை பாடிச் சிரிப்பேன்.

ஆனி மாசம் என் பாட்டு இழுபட ஆரம்பித்தது. உப்புக்கூடையோடு போன அம்மா நின்று திட்டினாள்.

"ஏண்டி, எழவு வூட்டுல பாடுற மாதிரி இழுக்கிற? வேகமா பாடு."

பாடிப் பார்த்தேன். டக் வருவதற்கு முன்பே என் சொல் தீர்ந்துபோனது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றார். நாங்கள் நம்பினோம். ஆடி பிறந்தபோது அவர் இல்லை. நெஞ்சில் ரொம்ப நாளாகவே கோளாறு இருந்ததாம்.

மாடியில் மகளின் பாட்டு மெதுவானது. ஓடிப்போய் அக்கா கையிலிருந்து வைப்பரைப் பிடுங்கினேன். "உக்காருங்க அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒண்ணுமில்லம்மா, புழுக்கம்" என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.