மொட்டைக்காரி

மூளை நோய் ஆராய்ச்சி வார்டு நர்ஸுக்கு மொட்டைக்காரி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். மருந்து ஏற்றும் நாளில் நோயாளியின் தலையை மழிப்பது அவள் வேலை. ரத்தத்தில் வருவது எதையும் லேசில் மூளைக்குள் விடாமல் ஒரு தடுப்பு காவல் காக்கிறது. விஷத்தையும் விடாது, மருந்தையும் விடாது, பாழாய்ப்போன தடுப்பு. மண்டை வழியாக ஒலி அலையைச் செலுத்தி அதைக் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள். மயிர் மிச்சமிருந்தால் அதில் காற்று தங்கி அலையைக் கெடுத்துவிடும். அதனால் அவளைக் கேட்காமல் டாக்டர் இயந்திரத்தைத் தொடமாட்டார்.

அந்த வார்டுக்கு மறதி நோயோடு வந்து சேர்ந்தாள் அவள் மாமியார். இவள் புருஷன் செத்த கையோடு, என் பிள்ளையை விழுங்கியவள் என்று சொல்லி, இவள் துணிமணியைத் தெருவில் வீசிய மகராசி. இப்போது மருமகளை அடையாளமே தெரியவில்லை. "யாரு பெத்த பொண்ணும்மா நீ, தங்கமா இருக்கியே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மொட்டைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதெல்லாம் செய்துவிட்டு, நல்லவளாகவே போய்ச் சேர்ந்துவிடுவாளா?

காதோரம் கொஞ்சம் விட்டால் போதும், மருந்து வீண். கத்தி அங்கே தயங்கியது. பிறகு வழவழவென்று மழித்தாள். இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை. கிழவிக்கு ஞாபகம் வரவேண்டும், இவள் முகத்தைப் பார்த்துக் கூசவேண்டும், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவேண்டும். ரொம்ப எதிர்பார்க்கவேண்டாம் என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் எதிர்பார்த்தாள்.

மாதாமாதம் மழித்தாள். மாதாமாதம் கிழவி கொஞ்சினாள், இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருநாள் மருந்து ஏறி முடிந்து படுத்திருந்தவள், இவளை உற்றுப் பார்த்தாள். கண்ணில் பழைய கூர்மை. மொட்டைக்காரி கிட்டே போய்க் குனிந்தாள்.

"நீ இன்னும் என் வீட்டை விட்டுத் தொலையலையா?" என்றாள் மாமியார்.

"நான் அப்பவே போயிட்டேன் அத்தை. நீங்கதான் இங்க வந்திருக்கீங்க."

நோயாளிக்கு ஆள் தெரிகிறது என்று டாக்டர் பூரித்துப்போனார். அடுத்த மாதம் கிழவி இவளைத் தலையில் கைவைக்க விடவில்லை, கூச்சல் போட்டு ரகளை செய்தாள். புதிதாக வந்த நர்ஸ்தான் பயந்து பயந்து மழித்தாள். காதுக்குப் பின்னால் ஒரு திட்டு மயிர் மழிபடாமல் அப்படியே இருந்தது. வாசலில் நின்ற மொட்டைக்காரி அதைப் பார்த்தாள்.

டாக்டர் வழக்கம்போல இவள் பக்கம் திரும்பினார். "தலை சுத்தமா இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர்" என்றாள்.