குப்பத்துக்கே ஒரு மெயில் ஐடி

எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு தனி அடுப்பு, தனிச் சண்டை. மெயில் ஐடி மட்டும் ஒன்றே ஒன்று.

அண்ணன் கப்பல் வேலைக்கு விண்ணப்பித்தபோது திறந்தது அது. அவன் கப்பல் ஏறிவிட்டான், ஐடி கரையிலேயே தங்கிவிட்டது. அப்புறம் கேஸ் இணைப்போ, பைக் இன்சூரன்ஸோ, பிள்ளைகளின் காலேஜோ, மெயில் என்று எங்கே கேட்டாலும் எல்லோரும் அதையே கொடுத்தார்கள். பாஸ்வேர்டு எங்கள் வீட்டுக் கதவின் பின்பக்கம் கரியால் எழுதியிருந்தது. வேண்டியவர்கள் வந்து, கதவைச் சாத்திப் பார்த்துக்கொண்டு போவார்கள். நாங்கள் மீன் பிடிக்கிற ஏரியே பொதுவாகக் கிடக்கும்போது இதில் என்ன என்பது ஊர் நியாயம். பி.காம். முடித்த எனக்கும் அது மஜாவான ஏற்பாடாகத்தான் பட்டது.

அண்ணி திருப்பாலைவனத்துக்காரர், நெல் விளைகிற ஊர். பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கல்யாணமாகி வந்த வாரமே கதவைச் சாத்தியவர், கரி எழுத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது இன்னா தம்பி, மந்திரமா?"

"பாஸ்வேர்டு அண்ணி."

"யாரோடது?"

"எல்லாரோடதும்."

அண்ணி சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்த ஐடியைத் திறந்து பார்த்தார். உள்ளே புடவைத் தள்ளுபடி, லோன் விளம்பரம், போன வருஷத்து மீன் போட்டோக்கள் எல்லாம் ஏலக்கூடத்துக் கழிவு மாதிரி குவிந்து கிடந்தன. சோறு வேகிற நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். விளம்பரக் கடைகளுக்கு இனி அனுப்பாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார். பிறகு செய்ததுதான் வேலை. ஒவ்வொரு வீட்டு மெயிலுக்கும் ஒரு கலர் கொடுத்தார், அந்த வீட்டுப் படகின் கலர். எங்களுக்கு நீலம், பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்குப் பச்சை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்கூட போனை வாங்கிப் பார்த்து, "நமக்கு ஒண்ணு வந்துகீது" என்று சொல்லிவிடுவார். காலேஜில் எனக்கு யாரும் இப்படி ஒன்றைச் சொல்லித்தந்ததில்லை.

பாஸ்வேர்டை மாற்றலாம் என்றபோது மட்டும் ஊர் ஒப்பவில்லை. "அப்பறம் வூடு வூடா வந்து நீதாம்மா சொல்லணும்" என்றார்கள். சரி என்று, ஆட்களையாவது பழக்கலாமென்று பார்த்தார். வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்த நைனாவிடம் போய் நின்றார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"மாமா, மெயில்ல வர்ற லிங்க்க அமுக்காதீங்க. போனுக்கு ஒரு நம்பர் வந்தா யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

நைனா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். காதில் விழுந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

அப்புறம் அண்ணிக்கு ஒரு லீவு நாள். சித்தப்பா மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. கல்லூரியிலிருந்து மெயில் வரும், அன்று சாயங்காலத்துக்குள் சேருகிறேன் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சித்தப்பா காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"பொட்டி ரொம்பிடுச்சு, பாஸ்வேர்டு போடலன்னா மூடிருவோம்னு ஒண்ணு வந்துச்சும்மா. பொண்ணு மெயிலு வர்ற நேரம், மூடிட்டா இன்னா ஆவறதுன்னு போட்டேன். இப்ப உள்ளயே உட மாட்டேங்குது."

பின்னாலேயே அவர் மகள் நின்றாள். அழவில்லை. "நைனா, நீ பெரிய ஆளு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் அழுதே இருக்கலாம்.

அண்ணி அவரைத் திட்டவில்லை. பெட்டி நிஜமாகவே ரொம்ப நாள் ரொம்பிக் கிடந்தது, அதனால் யாரும் நம்பியிருப்பார்கள் என்றார். உள்ளே போன திருடன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். ஆனால் ஐடி யாருடையது என்று நிரூபிக்கிற போன் நம்பரை அவன் இன்னும் மாற்றவில்லை. அண்ணன் அந்தக் காலத்தில் கொடுத்த நம்பர், நைனாவுடையது. அதற்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் நாம் உள்ளே. திருடன் முந்திக்கொண்டால் கதை முடிந்தது.

நைனாவோ ஏரியில். போன் ஆஃப். தண்ணீர் படாமல் கவரில் சுற்றிச் சோத்து டப்பாவுக்குள் வைப்பது அவர் வழக்கம்.

"அம்மாம் பெரிய ஏரில எங்க போய்த் தேடறது?" என்றேன்.

அண்ணி சித்தப்பா பக்கம் திரும்பினார். "சின்ன மாமா, இன்னைக்கு எங்க வூட்டுப் பாடு எங்க?"

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. சித்தப்பாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "முகத்துவாரத்துக்கு வடக்கால" என்றார். நெல் வயலில் இருந்து வந்தவருக்குத் தோன்றியது, தண்ணீரிலேயே பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பாவும் நானும் பச்சைப் படகை எடுத்தோம். தண்ணீர் வடிந்த நேரம். பாதியில் மோட்டார் சேற்றில் முட்டி நின்றது. இறங்கித் தள்ளினோம். சித்தப்பா தள்ளிய தள்ளில் நான் தேவையே இல்லை.

சித்தப்பா சொன்ன இடத்திலேயே நைனா, இடுப்புத் தண்ணீரில் வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னாடா, அடுத்தவன் பாட்டுல படகு உடறீங்க?"

விஷயத்தைச் சொல்லி, அவரை ஏற்றிக்கொண்டு போனை ஆன் செய்தோம். ஏரியின் வடக்குப் பக்கம் ஆந்திரா; போன் அந்த டவரைப் பிடித்துக்கொள்ள, ஒரு பெண் தெலுங்கில் ஏதோ சொன்னாள். படகைத் தெற்கே, கலங்கரை விளக்கம் தெரிகிற பக்கம் ஓட்டினேன். அங்கேதான் ஒரு கோடு சிக்னல் எழுந்தது. அண்ணியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, இப்ப ஒரு நம்பர் அனுப்பச் சொல்றேன். வந்ததும் படிங்க."

கிணிங் என்று எண் வந்தது. நைனா பார்த்தார். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்."

"நைனா, அண்ணிதான்" என்றேன்.

"அவதான் சொன்னா, நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு. கொரல மாத்திப் பேசறானுங்களாமே, டீக்கடயில சொன்னானுங்க. நீ சும்மா குந்து."

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். போனில் அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கரெக்டு மாமா. என்னை எதனா கேளுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சது."

நைனா யோசித்தார். "காலைல டப்பால இன்னா வெச்ச?"

"பழைய சோறு, நேத்து எறாத் தொக்கு. உப்பு தூக்கலா இருந்துச்சுன்னு ராத்திரியே மூஞ்சி காட்டினீங்க. அதையே வெச்சேன்."

"இவதான்" என்றார் நைனா. எண்ணை நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்தார்.

நாங்கள் கரை சேர்வதற்குள் அண்ணி உள்ளே போயிருந்தார். புது பாஸ்வேர்டு போட்டு, மற்ற எல்லா போனையும் வெளியே தள்ளிவிட்டு, எதெது மாறியிருக்கிறது என்று துழாவினார். வருகிற மெயிலெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி திருடன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அதை அழித்தார். கல்லூரி மெயில் குப்பைக்குள்தான் கிடந்தது. அந்த அவசரத்திலும் அதில் இருந்த லிங்க்கை அவர் அமுக்கவில்லை. கல்லூரியின் தளத்தைத் தானே டைப் செய்து திறந்து, தங்கச்சியின் விண்ணப்ப எண்ணைப் போட்டு, போனை அவளிடமே நீட்டினார். "நீயே அமுக்கு." அவள் அமுக்கினாள். சீட் அவளுடையதானது. வாசலில் அப்போதும் வெயில் இருந்தது.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஐடி, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று அண்ணி சொன்னதும் ஒருவர் முனகினார்: "இத்தினி நாளு ஒண்ணாத்தான இருந்தோம்?"

"ஏரியும் ஒண்ணுதான். உங்க பாட்டுல நான் வந்து வலை உட்டா உடுவீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, "என் பேர்ல மொதல்ல போடு" என்றார். எண் வருகிற போன் கரையில் இருக்கிறவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது ஏற்பாடு. அதனால் இப்போது எங்கள் குப்பத்து ஆண்களின் மெயிலுக்கெல்லாம் காவல் பெண்கள்தான். அதைக் கிண்டல் செய்தவர்கள் இரண்டு நாள் சோற்றில் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.

தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போய், தன் சொந்த ஐடியிலிருந்து சித்தப்பாவுக்கு முதல் மெயில் அனுப்பினாள். வெள்ளை யூனிஃபார்ம் போட்ட போட்டோ, ஒரு லிங்க்காக. சித்தப்பா அதை அமுக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார்.

"நீதான் அனுப்பினியா?"

"நான்தான் நைனா. தொறந்து பாரு."

"இரு. நீ கெளம்பன அன்னிக்கு உங்கம்மா இன்னா கொழம்பு வெச்சா?"

அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா விடவில்லை. "சொல்லு, சொன்னாத்தான் தொறப்பேன்" என்றார்.