இரண்டாம் நிலை மாணவி

“நேத்து என்ன செஞ்சீங்க?”

நீலா கூரையைப் பார்த்தாள். மனதுக்குள் மூன்று எண்ணினாள்.

“நாளைக்கு… நான்… சந்தை.”

“நேத்துன்னுதானே வாயில வந்துச்சு?”

“வந்துச்சு டீச்சர். முழுங்கிட்டேன்.”

ஆர்ன் டீச்சர் மேசையைத் தட்டிப் பாராட்டினாள். ஆனால் இந்தத் தவறு ஒரே ஒரு முறைதான் என்று எச்சரிக்கவும் செய்தாள். நேற்றையும் நாளையையும் ஒரு தரம் குழப்புகிறவர் மாணவர். இரண்டு தரம் குழப்புகிறவர் வகுப்புக்கே வராதவர். பதில்கள் மூன்று வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. ‘இருந்தாலும்’, ‘அதுக்காக’ போன்ற சொற்களெல்லாம் நான்காம் நிலைப் பாடத்தில் வருகிறவை. அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

சியாங் மாயில், ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த மொழிப் பள்ளி. ஆர்னுக்கு முப்பத்தோரு வயது. நீலாவுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு வருடமாக நீலாவுக்குத் தாய்லாந்து மொழியைப் பேசக் கற்றுக்கொடுத்த ஆர்ன், ஒரு வாரமாக அதைப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாடம் கடினமாக இருந்தது.

பள்ளியின் சான்றிதழ்ப்படி நீலா இரண்டாம் நிலை மாணவி. மொத்தம் ஆறு நிலைகள். பாடம் முடிந்துவிட்டால் மாணவர் நாட்டில் இருக்கக் காரணம் இல்லாமல் போய்விடும் என்பதால் பள்ளி யாரையும் அவசரப்படுத்துவதில்லை. ஆறாம் நிலையை இதுவரை எவரும் எட்டவில்லை. அதற்கான புத்தகமும் அச்சாகவில்லை.

இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. படிப்பு அனுமதியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இமிக்ரேஷன் அலுவலகத்தில் நீட்டிக்க வேண்டும். முன்பெல்லாம் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு ஏழாம் ஜன்னலுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தாள். அவள் மாணவர்களைப் பேசச் சொன்னாள்.

முதலில் மாட்டியது கோ ஸேயார். கப்பலில் இயந்திரம் பார்த்தவர், நீலாவைப் போலவே பர்மாக்காரர். பள்ளிப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. பெயர் என்ன என்று அதிகாரி கேட்டதற்கு நன்றி என்று பதில் சொன்னார். ஏழு நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டாள். அடுத்து நாங் மோ. அவள் பர்மாவின் ஷான் இனப் பெண். அவர்கள் வீட்டுப் பேச்சுக்கும் தாய்லாந்துப் பேச்சுக்கும் அடுத்தடுத்த தெரு அளவுதான் தூரம். கேட்ட கேள்விக்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னாள். அதிகாரி எழுந்து நின்று கைகூப்பி, படிப்பு நல்லபடியாக முடிந்தது, வாழ்த்துகள் என்றாளாம். அவளுக்கும் அதே ஏழு நாள்.

ஆக, ஸேயாருக்கும் நாங் மோவுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் நீலா நிற்க வேண்டியிருந்தது.

நிற்க முடியாமல் போனதற்குக் காரணம் பக்கத்து அறை நொய். பன்றி இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்பவள். இரண்டு அறைகளுக்கும் பொதுவாக ஒரே துணிக்கொடி. நீலா குடிவந்த இரண்டாம் நாளே நொய்யின் ஈரப் போர்வை நீலாவின் காய்ந்த லுங்கிமேல் சொட்டியது. அன்று நீலாவுக்கு மூன்று வார்த்தைகள்தான் தெரியும். மூன்றையும் சொல்லிவிட்டு, அடுத்த நாள் சண்டைக்காக வகுப்பில் புதுச் சொற்கள் கேட்டு வாங்கினாள். நியாயம் கேட்காமல் அவளால் சும்மா இருக்க முடியாது. நொய்யும் சளைத்தவள் இல்லை. ஆறு மாதத்தில் நீலா கிண்டல் செய்யக் கற்றாள். ஒரு வருடத்தில் நொய்யின் மாமியாரைப்போலப் பேசிக் காட்டினாள். சண்டையில்லாத நாட்களில் நொய் சாப்பிட்டுவிட்டாயா என்று கதவைத் தட்டிக் கேட்க ஆரம்பித்தாள்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் போவதற்கு நீலாவிடம் ஒரே ஒரு நாடுதான் இருந்தது. அங்கே மாண்டலே தபால் அலுவலகத்தில் அவள் பத்தொன்பது வருடம் கடிதம் பிரித்தவள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வேலைநிறுத்தம் என்று எழுந்து வெளியே வந்த பதினான்கு பேரில் ஒருத்தி. பதினான்கு பெயர்களும் ஒரு பட்டியலில் ஏறியிருந்தன. அவர்களில் மூன்று பேர் சிறையில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்ன் அவளைத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போய் இமிக்ரேஷன் வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே மாணவர் மட்டும்தான் போகலாம்.

நகல் எடுக்கும் கடைக்காரர் கடவுச்சீட்டில் இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் நீலா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று விட்டுப்போன பக்கங்களை விரலால் மட்டும் காட்டினாள். அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, சத்தமாக, மன்னிப்புக் கேட்டார். பயிற்சி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

டோக்கன் எண் கூப்பிட்டதும் போய் ஏழாம் ஜன்னல் முன் உட்கார்ந்தாள். அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். காதில் சிறிய முத்து. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள்.

கூரை. ஒன்று, இரண்டு, மூன்று. “சோறு. முட்டை.”

எப்படி வந்தாள்?

“ஸ்கூட்டர். டீச்சர்.”

பள்ளிக்கு எந்தெந்த நாள் போகிறாள் என்றதற்கு நீலா நான்கு கிழமைகளைச் சொல்லி, ஒன்றை இரண்டு முறை சொல்லி, அதைத் திருத்தினாள். திருத்தியது அவளுடைய சொந்தக் கற்பனை. அதிகாரி தலையசைத்தாள். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, ஸ்டேப்லரை எடுத்தாள். முத்திரை மேசையில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நீலா அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

அப்போது எட்டாம் ஜன்னலில் வேலையில்லாமல் இருந்த பெண் இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

“துக்தா அக்கா, வீட்டுல மாமா விரதம் எப்படிப் போகுது?”

மழைக்கால விரதம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று ஆண்கள் புத்தர்முன் சத்தியம் செய்யும் காலம். துக்தா ஸ்டேப்லரை அழுத்திக்கொண்டே, சத்தியம் அப்படியே இருக்கிறது என்றாள். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார், ஒன்பது மணிக்கு நாறிக்கொண்டு வருகிறார். நேற்று வாசலில் மறித்துக் கேட்டாளாம்.

“என்ன சொன்னாரு?”

“சத்தியம் பண்ணது சியாங் மாய் கோயில்லடி, அது சியாங் மாய் மாகாணத்துக்குத்தான் செல்லும்னாரு. தெனம் லம்பூன் மாகாணம் போய்க் குடிச்சிட்டு வர்றாரு. போக இருபத்தாறு கிலோமீட்டர். நேத்து மழையில நனைஞ்சுக்கிட்டே போயிருக்காரு. புத்தருக்குக் குடுத்த வாக்கை மீற மனசு வரலையாம்.”

எட்டாம் ஜன்னல்காரி வாயைப் பொத்துவதற்குள் நீலா சிரித்துவிட்டாள்.

அது மூக்கு வழியாகத் தொடங்கிய சிரிப்பு. அடக்கப் பார்த்ததில் பெரிதாகி வாய் வழியாகவும் வந்தது. அவள் கணவர் இறந்து எட்டு வருடம். அவரும் இதே மூன்று மாதத்தில் இதே சத்தியம் செய்கிறவர். பியர் மதுவில் சேராது என்று புத்தருக்கே விளக்கம் சொன்னவர். எப்படி மெதுவாகப் பேசுவது, எங்கே தடுமாறுவது என்றெல்லாம் ஆர்ன் சொல்லிக்கொடுத்திருந்தாள். சிரிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

துக்தாவின் கை ஸ்டேப்லர் மேல் நின்றது.

“என்ன சிரிப்பு?”

கூரை. “இருமல்.”

“இருமினா இத்தனை பல்லு தெரியாதே. நாங்க பேசுனது புரிஞ்சுதா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

நீலா யோசித்தாள். இரண்டாம் நிலையில் இதற்குப் பதில் இல்லை.

“லம்பூன் வரைக்கும்,” என்றாள்.

எட்டாம் ஜன்னல்காரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. துக்தா சிரிக்கவில்லை. ஸ்டேப்லரைக் கீழே வைத்து, நீலாவின் சான்றிதழை எடுத்து இரண்டாம் நிலை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நிற்கப்போகிறாள் என்று நீலாவுக்குப் புரிந்தது. எழுந்து கைகூப்பி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போகிறாள்.

“எந்திரிக்காதீங்க மேடம்,” என்றாள் நீலா.

துணிக்கொடிச் சண்டைகளில் வரும் குரல் அது. வெளியே வந்த பிறகு அதை உள்ளே தள்ள முடியவில்லை. முழு வாக்கியங்களில், எல்லா ‘இருந்தாலும்’களோடும் ‘அதுக்காக’களோடும் அவள் பேசினாள். பக்கத்து அறைக்காரியோடு இரண்டு வருடம் சண்டை போட்டதில் பேச்சு வந்துவிட்டது, அது என் குற்றமா என்று கேட்டாள். படிப்பு முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம். பேச்சுத்தான் முடிந்தது. எனக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க,” என்றாள் துக்தா. தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். “வாசிங்க.”

நீலா அதை எட்டாவது முறையாகப் பார்த்தாள். நீட்டிப்புக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அது அங்கேதான் இருந்தது. என்ன சொல்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. பள்ளியில் எழுத்து வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆர்ன் அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவாள். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூச்சம் போகப் பேசவைக்க நீலாவைவிட்டால் ஆள் இல்லை. அரிச்சுவடியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம் உண்டு. அந்தப் படங்களில் சில மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

“முதல்ல ஒரு கோழி இருக்கு மேடம்,” என்றாள். கண்ணைச் சுருக்கினாள். “கொஞ்சம் தள்ளி ஒரு குரங்கு. கடைசியில இன்னொரு கோழி. நடுவுல இருக்கறவங்க யாருன்னு தெரியல.”

எட்டாம் ஜன்னல்காரி எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்விட்டாள்.

துக்தா அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தாள். கோழிகளைத் தேடுகிறாள் என்று தோன்றியது. பிறகு, ஊரில் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டாள். தபால் அலுவலகம் என்றாள் நீலா.

“படிக்கத் தெரியாம தபால் ஆபீசா?”

“அது எங்க எழுத்து மேடம். அதுல பாதி அழிஞ்சிருந்தாலும் கொண்டுபோய்ச் சேத்துருவேன். உங்க எழுத்துல நான் தொலைஞ்சு போன கடுதாசி மாதிரி.”

“ஏன் அந்த வேலையை விட்டீங்க?”

இதை எந்த நிலையிலும் சொல்லக் கூடாது என்று ஆர்ன் முதல் நாளே சொல்லியிருந்தாள். துக்தாவும் மறுபடி கேட்கவில்லை. கடவுச்சீட்டைப் புரட்டினாள். மேசையில் இருந்த முத்திரையை விட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து சிறிய முத்திரை ஒன்றை எடுத்துக் குத்தினாள். ‘பரிசீலனையில்’ என்று அர்த்தம். முப்பது நாள்.

“முப்பதாம் நாள் வாங்கக்கா. ரெண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் கொண்டு வர்றேன். நான் விரல் வெக்கிற பக்கத்தை வாசிச்சா மீதி ரெண்டு மாசம். கோழி குரங்குன்னு சொன்னா கெடையாது.”

“எந்தப் பக்கம் மேடம்?”

“அதச் சொன்னா மனப்பாடம் பண்ணிட்டு வருவீங்க.”

நீலா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். இரண்டு அடி போனதும் துக்தா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரர் விஷயம் வெளிய போகக் கூடாது.”

“எனக்கு என்ன புரிஞ்சுது மேடம், நான் ரெண்டாம் நிலை,” என்றாள் நீலா.

வாசலில் ஆர்ன் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தாள். முத்திரையைப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வாரம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரு குடிகாரன் கதையில் போய்விட்டதே என்றாள். வண்டி கிளம்பிப் பாதித் தூரம் போன பிறகு, அந்த ஆள் தினமுமா லம்பூன் போகிறான் என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து ஹெல்மெட்டுக்குள் அவள் சிரிப்பது கேட்டது. முப்பது நாளில் இரண்டாம் வகுப்புப் புத்தகம் முடியுமா என்று நீலா கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் ஆகிறது என்றாள் ஆர்ன்.

மறுநாள் புதன்கிழமை. நீலா ஆறு மணிக்கு எழுந்து குளித்தாள். கடையில் கோடு போட்ட நோட்டு இரண்டும் பென்சிலும் வாங்கினாள். ஒன்பது மணிக்கு எழுத்து வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளோடு இரண்டு சீனப் பெண்களும் ஓய்வுபெற்ற ஒரு டச்சுக்காரரும் இருந்தார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் ஐந்து எழுத்துகள் நடந்தன. ஒவ்வொன்றையும் முப்பது முறை எழுதினார்கள். ஐந்தில் இரண்டு ஒன்றுபோலவே இருந்தன. மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மழை வந்தது. கொடியில் கிடந்த துணிகளை நொய் எடுத்து உள்ளே வைத்திருந்தாள்.