வாடகைக்குச் சீர்வரிசை

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கடை அண்டா அத்தனையும் ஓட்டையாகப் போகட்டும்! கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். காரைக்குடியில் எந்த மண்டபத்துக்கும் என் குத்துவிளக்குகள் வழி கேட்காமல் தாமே நடந்து போகும். பெண்ணைக் கட்டிக் கொடுத்து நொந்தவர்கள் நீங்கள்; உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கண்ணுக்கு மட்டும்

ஒக்கூர் கருப்பையா வந்தார். கண்மாய் நிரம்பாமல் காய்ந்துபோன சம்சாரி. மகள் கல்யாணத்தில் பரப்பிவைக்க அண்டா, குடம், வெண்கலப் பானை எல்லாம் வேண்டுமாம். தாலி ஏறியதும் திருப்பிவிடுவாராம். "மாப்பிள்ளை வீட்டுக்கு எதைக் கொடுப்பீக?" என்றேன். "நிலம் கிரயம் ஆனதும் புதுசா வாங்கி இறக்கிருவேண்ணே. இன்னைக்குச் சபையில தரை தெரியக்கூடாது."

பெரியப்பா

பந்தி முடியுமுன்னே மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தடுக்க ஓடினேன். அவர்களுக்குப் பின்னால் கருப்பையா என்னைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். நான் வாயைத் திறந்தால் அந்தப் பெண் போகிற வீட்டில் தலை நிமிர முடியாது. மாப்பிள்ளையின் அம்மா, "நீங்க யாரு?" என்றார். "பொண்ணுக்குப் பெரியப்பா" என்று வந்துவிட்டது வாயில். மேலும் கீழும் பார்த்தார். "பெரியப்பாங்கிறீக, பொண்ணுக்கு நீங்க ஒண்ணும் செய்யலையா?"

திரும்பி வந்த அண்டா

நிலம் விற்ற பணம் பழைய வட்டிக்கே போனது. போன சாமானுக்கு ஈடாக, கருப்பையா என் கடையில் பாத்திரம் தூக்கிக் கடனைக் கழிக்கிறார். ஒருநாள் பழைய பாத்திரக் கடையில் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் வெட்டியிருப்பது என் பெயர்! மொத்தச் சாமானும் அங்கேதான் கிடந்தது. என் சாமானை நானே காசு கொடுத்து வாங்கி வந்தேன்.

கொஞ்ச நாளில் அதே மாப்பிள்ளையின் அம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு வாடகைச் சாமான் கேட்டு வந்து நின்றார். கருப்பையா அண்டாவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். என்னைக் கண்டதும் அந்தம்மா முகம் செத்துவிட்டது. "சம்பந்தி, மருமக கொண்டாந்ததை மண்டபக் கடனுக்கு வித்துட்டோம். பூட்டுன ரூம்புல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அவ காதுல போட்டுறாதீக."

கல்யாணத்தன்று அதே அண்டாவைக் கருப்பையாதான் வண்டியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, சட்டையை மாற்றி, சம்பந்தியாக முன்வரிசையில் போய் உட்கார வேண்டும். வேர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "இந்தத் தடவையும் ஏத்திட்டுப் போயிட்டாகன்னா, அந்தப் பொண்ணுக்கும் நீங்கதான் பெரியப்பாவாண்ணே?"

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ரெண்டு வீட்டு மானமும் என் அண்டாவுக்குள்தான் கிடக்கிறது, அதுவும் நாள் வாடகைக்கு.